இவங்க யாரு?

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கல்லீரல் பிரிவின் காலை வகுப்பு அன்று தர்மலிங்கத்தின் கட்டிலருகே நடந்தது. மாணவர்கள் சுற்றி நிற்க, பக்கத்தில் இருந்த பூரணியைக் காட்டிப் பேராசிரியை கேட்டார்: "இவங்க யாரு?"

தர்மலிங்கம் அவளை நெடுநேரம் பார்த்தார். "என் அண்ணி."

"கல்லீரல் கழிக்க வேண்டிய நஞ்சு மூளைக்குப் போயிடுச்சு. அதான் மனைவியையே தெரியலை," என்றார் பேராசிரியை. மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

பூரணி முதலில் வாழ்க்கைப்பட்டது தர்மலிங்கத்தின் அண்ணன் சிவஞானத்துக்கு. சிவஞானம் இறந்த மறுவருஷம் இவருக்குக் கட்டிவைத்தார்கள். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் இருவரும் அந்தப் பெயரை எடுத்ததே இல்லை.

நர்ஸ் கொடுத்த மருந்தை அவள் நீட்டியபோது தர்மலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அண்ணன் சாப்பிட்டாச்சா, அண்ணி?"

பூரணி மருந்தை மறுபடி நீட்டினாள். "சாப்பிட்டாச்சு தம்பி. நீங்க குடிங்க."

அவர் மறுபேச்சில்லாமல் குடித்தார். தம்பி என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

மூன்றாம் நாள் பேராசிரியை அதே கேள்வியைக் கேட்டார். "என் சம்சாரம்," என்றார் தர்மலிங்கம். தெளிந்துவிட்டதாக மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

எல்லோரும் போனபிறகு அவர் மெல்லக் கேட்டார்: "ரெண்டு நாளா ஏதாவது உளறினேனா?"

பூரணி போர்வையை இழுத்துவிட்டாள். எது உளறல் என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

"இல்லை. கேட்டதுக்குச் சரியாத்தான் பதில் சொன்னீங்க," என்றாள்.