பால் சட்டியின் பொங்கு வியாதி

ஓர் அடுக்களையில் மூடிதான் வைத்தியர். அங்கே பால் சட்டி தினமும் பொங்கி வழிந்தது.

"உனக்குப் பொங்கு வியாதி. ஆயுசுக்கும் நான் உன் தலைமேல இருக்கணும். இன்னொரு தடவை வழிஞ்சா உன்னைப் பரணில போட்டுடுவாங்க" என்றது மூடி.

சாயங்காலம் கழுவின பாத்திரங்களெல்லாம் கூடையில் கவிழ்ந்து உட்கார்ந்து மனம்விட்டுப் பேசும். பால் சட்டியும் அங்கே போய் அழுதது.

"நீ பொங்கும்போது அடியில என்ன நடக்குது கண்ணு?" என்று கேட்டது கரண்டி.

"தீ எரியுது அக்கா. முழு வேகத்துல."

கூடையே குலுங்கிச் சிரித்தது. "வைத்தியர் இதைக் கேக்கலையா?"

"என் தலையை மட்டுந்தான் பார்த்தார்."

மறுநாள் சூடு ஏறியதும் பால் சட்டி கூச்சத்தை விட்டு, "அடுப்பண்ணே, கொஞ்சம் தணிஞ்சு எரியுங்க" என்றது.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா தாயி?" என்று அடுப்பு தணிந்தது. சாமி புண்ணியத்தில் ஒரு சொட்டும் வழியவில்லை.

அன்று சாயங்காலம் மூடி மெல்லக் கூடைக்கு வந்தது. "கொதி வந்தா எனக்கும் உடம்பெல்லாம் நடுங்குது. யார்கிட்டயும் சொன்னதில்ல."

"வாங்க வைத்தியரே, இப்படிக் கவிழுங்க" என்று பால் சட்டி நகர்ந்து இடம் விட்டது.