இருபத்தொன்பது கிலோமீட்டர்

"இவன் ஓடுறது வாரத்துக்கு வெறும் இருபத்தொம்பது கிலோமீட்டர் மேடம். நான் நூத்தியெட்டு. நீங்களே சொல்லுங்க, இது நடக்கிற காரியமா?"

பணியாளர் அதிகாரி என் புகார்க் கடிதத்தின் மேல் பேனாவை வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார்.

அவன் பிள்ளைப்பூச்சி மாதிரி நின்றான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பாவனையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நீரேற்று நிலையத்தில் என் ஷிப்டிலேயே, எனக்குப் பக்கத்துப் பம்பைப் பார்க்கிறவன். நாங்கள் வைத்த பெயர் அரைமணி. செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்ததும், மதியம் ஒரு மணிக்கு மேல், மண்டையைப் பிளக்கிற வெயிலில் பின்பக்க மேட்டுச் சாலையில் தலைதெறிக்க அரை மணி நேரம் ஓடுவான். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போய்விடுவான். ஞாயிறு விடுமுறையில் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான் ஐயாவின் பயிற்சி.

இதை வைத்துக்கொண்டு, எங்கள் வாரியம் பணியாளர்களுக்கு நடத்துகிற ஓட்டப் போட்டியில், நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான பத்து கிலோமீட்டர் கோப்பையை என்னிடமிருந்து தட்டிக்கொண்டு போய்விட்டான்.

நாலு வருடம் என் வீட்டு அலமாரியில் இருந்த கோப்பை அது. தூசி படாமல் இருக்க என் மனைவி அதற்கு ஓர் உறையே தைத்திருந்தாள். இப்போது உறை மட்டும் இருக்கிறது.

நான் இரவு ஒன்பது மணிக்குப் படுக்கிறவன். சர்க்கரையைத் தொட்டு மூன்று வருடம் ஆகிறது. மைத்துனன் கல்யாண விருந்தில் வேகவைத்த காயை மட்டும் தின்றுவிட்டு எழுந்து மாமியார் வாயில் விழுந்தவன். இவன் டீக்கு மூன்று கரண்டி போட்டுக் குடிக்கிறான்.

எட்டாவது கிலோமீட்டரில் என் கால்கள் மரக்கட்டையாகக் கனத்த நேரத்தில் பக்கத்தில் வந்தான். "வரேண்ணே" என்றான். பக்கத்து வீட்டிலிருந்து கிளம்புகிறவன் மாதிரி சொல்லிவிட்டுப் போயேபோய்விட்டான். முடிவில் இருபத்திரண்டு வினாடி வித்தியாசம்.

அந்த 'வரேண்ணே' நாலு நாளாக நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

எட்டாவது கிலோமீட்டருக்கு முன்பே, பந்தயப் பாதையோரக் கிடங்குக்குப் பின்னால் குறுக்கே புகுந்திருப்பான் என்று புகாரில் எழுதினேன். பார்த்தேன் என்று எழுதவில்லை. எனக்குப் பொய் வராது. ஆதாரமாக என் பயிற்சி நோட்டை இணைத்தேன். கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், தூரம் என்று ஒரு நாள் விடாமல் குறித்தது. உழைப்பு என்றால் என்னவென்று பார்க்கட்டும். அவன் நோட்டையும் வாங்கிப் பாருங்கள் என்று கேட்டதும் நானேதான்.

அதிகாரி இரண்டையும் மேஜையில் அடுத்தடுத்து விரித்தார். அவனுடையது மகளின் பழைய கணக்கு நோட்டு. அவள் எழுதியது போக மிஞ்சிய பக்கங்களில் எழுதியிருந்தான்.

முதலில் என்னுடையதை வாய்விட்டுப் படித்தார். திங்கள், காலை ஐந்து நாற்பது முதல் ஏழு இருபது வரை, பதினெட்டு கிலோமீட்டர். செவ்வாயும் அதேதான். சனிக்கிழமை வரை அதேதான். நான் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

பிறகு அவனுடையதை எடுத்தார்.

"திங்கள். ஓடவில்லை. அண்ணன் ஓடினார்."

ஒரு பக்கம் தள்ளிப் படித்தார்.

"புதன். ஓடவில்லை. அண்ணன் ஓடினார்."

வெள்ளியும் சனியும் அப்படியே. அடுத்த வாரமும் அப்படியே. அதில் குத்தல் எதுவும் இல்லை. இன்று மழை பெய்தது என்று எழுதுவது போல எழுதியிருந்தான்.

அதிகாரி தலையைத் தூக்கிச் சுவரில் ஒட்டியிருந்த பணிப்பட்டியலைப் பார்த்தார். பம்பு அறை, காலை ஐந்து முதல் மதியம் ஒன்று வரை. பம்புக்கு ஓர் ஆளாக இரண்டு பேர். மேலே என் பெயர், கீழே அவன் பெயர்.

"அஞ்சு நாப்பதுலேருந்து ஏழு இருபது வரைக்கும் உங்க பம்பை யாரு பாத்தது?"

என்னைத்தான் கேட்டார்.

அரைமணி அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தான். "நான் பாத்துக்கிட்டேன் மேடம். ஒரு நாளும் நின்னதில்ல."

காட்டிக்கொடுக்கிறானா, காப்பாற்றுகிறானா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டில் எதுவாக இருந்தாலும் அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

அதிகாரி என் புகாரை மடித்து என் பக்கம் தள்ளினார். எடுத்துக்கொண்டேன். நோட்டுக்கும் கையை நீட்டினேன். அதை மட்டும் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

வெளியே வந்ததும் அவன் மணி பார்த்தான். மகளைக் கூட்டிவர நேரமாகிவிட்டது போல. நாலு எட்டு வேகமாக வைத்தவன், என்னவோ ஞாபகம் வந்து நின்று திரும்பினான்.

"நாளைக்கும் அஞ்சு நாப்பதுதானேண்ணே?"

நக்கலாகக் கேட்டிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். அவன் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன்.

அவன் நிஜமாகவேதான் கேட்டான்.