சண்டைக்கு நடுவே லாக்அவுட்

என் மனைவி ரூபாவதிக்குக் கண்ணைத் தவிர எதுவும் அசையாது. அவள் நினைப்பதையெல்லாம் கட்டிலோடு வந்த லினக்ஸ் கணினிப் பெட்டி பேசிவிடும், வசவு உட்பட. ஆனால் அவள் என்னைத் திட்ட ஆரம்பித்தால் போதும், பெட்டி தானாக லாக்அவுட் ஆகிவிடும். நான் பாஸ்வேர்டைத் தட்டித் திரும்ப லாகின் செய்யும்வரை அவளால் ஒரு வார்த்தை பேச முடியாது.

"நீங்கதான் வேணும்னே அணைக்கிறீங்க," என்பாள். சத்தியம் செய்தும் நம்பவில்லை.

பழுது பார்க்க நஸீமா வந்தார். பெட்டியில் சூடு இல்லை, மெமரி குறையவில்லை. பெட்டி தானே எழுதி வைத்திருந்த பதிவுகளைப் படித்தவர் நிமிர்ந்தார்.

"கோளாறே இல்ல சார். ஒவ்வொரு தடவையும் யாரோ லாக்அவுட் பட்டனை அமுக்கியிருக்காங்க. பட்டன் எங்க இருக்கு?"

"யாரும் தெரியாம தொட்டுடக் கூடாதுன்னு அவ வலது கைக்கு அடியில ஒட்டி வச்சிருக்கேன். அந்தக் கைதான் அசையவே..."

சொல்லி முடிக்காமலே கட்டில் பக்கம் ஓடினேன்.

"ரூபா, உன் தம்பி இங்க வரேன்னான். வீட்ல இடமில்லன்னு சொல்லிட்டேன்."

"என்னது? என் வீட்டு ஆளுங்கன்னாலே உங்களுக்கு..."

அவளுடைய ஆள்காட்டி விரல் மெல்ல வளைந்து பட்டனை அழுத்தியது. பெட்டி இருண்டது. ரூபாவதியின் கண்கள் விரலிலேயே நின்றுவிட்டன.

அவசரத்தில் பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். மூன்றாவது முறை பெட்டி திறந்தது.

"என் அண்ணனைப் பத்தியும் ஏதாவது சொல்லுங்க," என்றாள். "சீக்கிரம்."