கண்ணுக்குப் பூசிய மஞ்சள்

கஸ்பாரின் கண்கள் மஞ்சளாகி ஐந்து நாளாயிற்று. பெரியாஸ்பத்திரிக்கு முதலில் வீடியோ அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் டோக்கன் கொடுப்பார்கள். மனைவி பிலோமினா அவரை வாசல் வெயிலில் உட்காரவைத்து, தன் மலிவுவிலை போனில் படம்பிடித்தாள். அந்த விலையில் வரும் போன்கள் எல்லா முகத்தையும் தாமாகவே அழகாக்கிவிடும். அதை நிறுத்த வழி கிடையாது. படத்தில் கஸ்பாரின் கண்கள் பால்போல் வெளுத்திருந்தன.

"ஆளு நல்லாத்தானம்மா இருக்காரு," என்றாள் ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய பெண்.

"நேர்ல பாருங்கம்மா, மஞ்சக் கெழங்கு கணக்கா இருக்காவ!"

"வீடியோவுல தெரிஞ்சாத்தான் டோக்கன்."

பிலோமினா எடிட்டிங் ஆப்பைத் திறந்து, விரலால் கணவரின் கண்களுக்கு மஞ்சள் பூசினாள். அடிக்கடி அவரைத் திரும்பிப் பார்த்து, உள்ளதற்குமேல் துளியும் கூட்டாமல் பூசி அனுப்பினாள். உடனே பதில் வந்தது: ‘திருத்தப்பட்ட வீடியோ. முப்பது நாட்களுக்கு விண்ணப்பிக்க இயலாது.’

"என்ன சொல்லுதாவ?" என்று சுவரில் சாய்ந்தபடி கேட்டார் கஸ்பார்.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லையாம்," என்றாள்.

அவர் முகத்தில் படர்ந்த நிம்மதியை அவளால் பார்க்க முடியவில்லை.