மிதவை வீட்டில் உட்காரும் முறை

பாங்காக்கில் ஒரு நூடுல்ஸ் கடையில், ஒரே பெஞ்சில் மூன்று தோழிகளும் இடித்துக்கொண்டு ரின்னின் போனைப் பார்க்கிறார்கள். உத்தாய் தானி ஊரின் ஆற்றங்கரைத் தங்கும் விடுதிகள் திரையில் ஓடுகின்றன. "பிம், மேப்ல எல்லாம் சாப்பாட்டுக் கடையாவே குறிச்சிருக்க. ஊரை எப்படி சுத்திப் பாக்கறது?" என்கிறாள் ரின். குண்டு பிம் சிரிக்கிறாள். துக்தாவுக்கு அது சொந்த ஊர். ஆற்றில் மிதக்கும் அம்மாவின் மூங்கில் வீட்டுக்கு இவர்களைக் கூப்பிட ஆசை; ஆடுகிற வீடென்று கேலி செய்வார்களோ என்று உறிஞ்சுகுழலைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். ரின்னின் விரல் 'பதிவு செய்' மேல் இறங்குகிறது. "வேணாம்டி! எங்க வீட்ல தங்கலாம். ஆனா எல்லாரும் ஒரே பக்கம் உக்காந்தா வீடு சாயும்." ஐஸ் டீ டம்ளர்களில் வெயில் மினுங்குகிறது. ரின் போனைக் கவிழ்த்து வைக்கிறாள். பிம் தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பெஞ்சில் போய்த் தொப்பென்று உட்காருகிறாள். "நான் ஒருத்தி உங்க ரெண்டு பேருக்குச் சமம். இப்ப வீடு நேரா நிக்குதாடி?"