பின்கதவில் தொங்கிய கோட்டு

"நான் செஞ்ச வீட்டுல ஓட்டையா? ஒரு ஈ உள்ள வரணும்னாக்கூட வாசல்ல நின்னு என்கிட்ட அனுமதி கேக்கணும்!" என்றார் ஒப்பந்தக்காரர் ஜார்லத்.

வேனின் முதுகில் 'வெப்ப ஆலோசகர்' என்று பொன்னெழுத்தில் எழுதிக்கொண்ட நாளிலிருந்து அவர் ஸ்பானரைத் தொடுவதில்லை. டையைத்தான் தொட்டுத் தொட்டுப் பேசுவார்.

"அப்புறம் ஏன்பா போன காத்துக்கசிவு சோதனையில தோத்துது?" என்று எகிறினார் கோல்மன். "ஆடு மேய்க்கிறவன்னு எளக்காரமா? வீட்டுக்குள்ள அட்லாண்டிக் காத்து அடிக்குது! இன்னிக்கும் தோத்துச்சுன்னா சர்க்கார் மானியம் அம்போ. உன்னைக் கோர்ட்டுக்கு இழுக்காம விடமாட்டேன்."

ஆட்டிய விரலில் பெரிய கட்டு. கோழி கொத்திவிட்டதாம்.

அவர் மனைவி அட்ராக்டா தேநீர் ஊற்றினாள். ஊரே மானியத்துக்காகக் கரி அடுப்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வீட்டைச் சூடாக்கும் வெப்பப் பம்பு வைத்தபோது இவர்களும் வைத்தார்கள். சுவருக்குப் பஞ்சு, சன்னலுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. எதிலும் அவளுக்குக் குறையில்லை. பின்கதவைத் தவிர.

அந்த வீட்டில் முன்கதவு பாதிரியாருக்கும் சவப்பெட்டிக்கும்தான் திறக்கும். வீட்டு மனிதர்கள் வந்து போவதெல்லாம் பின்கதவு வழியே. மகன் ஃபேஹீன் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போனதும் அந்த வழியாகத்தான். "இனி இந்த வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே!" என்று கோல்மன் கத்த, அவன் பின்கதவுச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தான். அதற்குப் பிறகு கடிதமும் இல்லை, போனும் இல்லை. ஆனால் சாவியைக் கொண்டுபோயிருக்கிறானே! அந்த ஒரு நினைப்பில்தான் அவள் இத்தனை குளிர்காலத்தைத் தள்ளினாள். அதன் ஜோடிச் சாவி எப்போதும் அவள் ஏப்ரன் பையில் இருக்கும்.

புதுக்கதவு போட்ட அன்று பழைய பூட்டை மடியில் வைத்துக்கொண்டு கெஞ்சினாள். "இதையே மாட்டிடேன், ஜார்லத்."

"மிஸஸ் மெலியா! இது ஐரோப்பியத் தரம். இதுல போயி மாட்டுக் கொட்டகைப் பூட்டா?"

கோல்மனும் சிரித்தார். "அவன் அந்தச் சாவியை என்னிக்கோ கடல்ல வீசியிருப்பான். கொண்டா, பழைய இரும்புக்காரனுக்குப் போடறேன்."

அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. என்றைக்காவது இருட்டில் வருவான். சாவியை நுழைத்துப் பார்ப்பான். நுழையாது. தன்னை உள்ளே விடக்கூடாதென்றே பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று திரும்பிப் போய்விடுவான். தட்டமாட்டான். கோல்மனின் ரத்தமாயிற்றே.

சோதனை தோற்றால் ஜார்லத் கதவைக் கழற்றித்தான் ஆகவேண்டும். அப்போது இன்னொரு தரம் கெஞ்சிப் பார்க்கலாம். தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றி, மானியச் சோதனை தோற்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் அந்த மாவட்டத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மானிய அலுவலகத்திலிருந்து வந்த ஊனா, முன்கதவில் ராட்சச விசிறியைப் பொருத்தி, காற்றை வீட்டுக்குள் தள்ளினாள். பிறகு கசிவைக் காட்டும் புகைக் குச்சியோடு அறை அறையாகப் போனாள். சன்னலருகே புகை அசையவில்லை. புகைபோக்கியிருந்த இடத்திலும் அசையவில்லை. ஜார்லத்தின் நெஞ்சு ஒவ்வொரு அறைக்கும் ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

பின்கதவுக்கு வந்தாள். அதில் கோல்மனின் பழைய கோட்டு தொங்கியது. கொட்டகையில் கிடந்ததை, நனைகிறது என்று அவரே கொண்டுவந்து மாட்டியிருந்தார். அதிலிருந்து வந்த கிடா நாற்றத்துக்குப் பயந்து ஜார்லத் ஒருநாளும் அதன் பக்கம் போனதில்லை.

புகை நேராகக் கோட்டுக்குள் ஓடியது.

"கோட்டைத் தொடாதேம்மா! ஆட்டு மருந்து பட்டது, கை வெந்துடும்!" என்றார் கோல்மன்.

ஊனா அதற்குள் தூக்கிவிட்டாள். கைப்பிடிக்குக் கீழே, கந்தரகோலமாகக் குடையப்பட்ட ஓர் ஓட்டை. அதில் ஆட்டு ரோமம் திணித்திருந்தது.

"பாத்தியா? உன் ஆளுங்க லட்சணத்தைப் பாத்தியா!" என்று கோல்மன் கத்தினார். ஆனால் கத்தலில் பழைய சுருதி இல்லை.

ஜார்லத் டை தரையில் புரள மண்டியிட்டார். "சத்தியமா எங்க வேலை இல்லீங்க. எலி கடிச்சிருந்தாக்கூட இதைவிட நேரா கடிச்சிருக்கும்."

"யார் வேலையா இருந்தா என்ன?" என்றாள் ஊனா. "இறுகுற நுரையை அடிச்சு அடைச்சிடுங்க. இப்பவே பாஸ் போட்டுட்டுப் போறேன்."

ஜார்லத் வேனுக்கு ஓடி நுரைக் குப்பியோடு வந்தார். அட்ராக்டா ஏப்ரன் பையிலிருந்த சாவியைப் பிடித்துக்கொண்டாள். கதவை இனி கழற்றமாட்டார்கள். அந்தோணியாரும் கைவிட்டுவிட்டார்.

குழாய் முனை ஓட்டையை நெருங்கியபோது, கட்டுப்போட்ட கை ஒன்று குறுக்கே வந்து அதை மூடிக்கொண்டது.

"அடைக்க வேணாம்."

"என்ன கோல்மன் இது? மானியம் போயிடுமே!" என்றார் ஜார்லத்.

"போய்த் தொலையட்டும்."

அட்ராக்டா அவர் கையை மெல்ல விலக்கினாள். ரோமத்தைப் பிடுங்கினாள். உள்ளே கறுப்பு இரும்பு தெரிந்தது. ஏப்ரன் பையிலிருந்த சாவியை நுழைத்துத் திருப்பினாள். புது எண்ணெய் போட்ட பழைய பூட்டு சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.

கோல்மன் சுவரைப் பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்: "தட்டமாட்டான், அட்ராக்டா. அந்தப் பய என்னை மாதிரி."