வாசிப்பு அறையில் குறட்டை

"மேடம், மோசம் போயிட்டோம். மூணாவது டேபிள்ல ஒருத்தன் குறட்டை விட்டுகினு கீறான்."

நூலக உதவியாளர் மோகன் ரஞ்சனியின் காதருகே வந்து சொன்னான். ஒரகடம் தொழிற்பேட்டையை ஒட்டிய அந்த இன்ஜினியரிங் கல்லூரியின் நூலகர் அவள். காலையிலேயே பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வந்துவிட்ட பேராசிரியர் வானமாமலை, உள்ளே அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படிக்க ஆளே வருவதில்லை என்று அவர் எழுதிவிட்டால், நிர்வாகம் பாதி ஹாலைக் கேன்டீனுக்குக் கொடுத்துவிடும். அவள் வேலையும் போகும். மோகன்தான் எப்படியோ ஆள் திரட்டி வாசிப்பு அறையை நிரப்பியிருந்தான்.

"போய்த் தட்டி எழுப்பு."

"ஒருத்தனை எழுப்பினா பக்கத்துல ரெண்டு பேரு சாயறாங்க மேடம். நான் இன்னா பண்ணட்டும்?"

அதற்குள் வானமாமலை வந்துவிட்டார். "புத்தகமெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கியிருக்கீங்க. எல்லாம் புது எடிஷன். குறை சொல்ல முடியாது. ஆனா எடுத்துப் படிக்க ஆள் வேணுமேம்மா" என்றபடி வாசிப்பு அறைக்குள் நுழைந்தார்.

மேஜைக்கு மேஜை தலைகள் கவிழ்ந்து கிடந்தன. ஒருவன் திறந்த புத்தகத்தின் மேலேயே கன்னத்தை வைத்து, எச்சில் வழிய உறங்கினான். பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது ரஞ்சனிக்கு.

"சார், அது வந்து..."

"சும்மா இரும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "எத்தனை காலேஜ் பார்த்திருப்பேன். நான் வர்றேன்னு தெரிஞ்சா பசங்களைப் பிடிச்சுட்டு வந்து உட்கார வெச்சிருப்பாங்க. அவங்க முதுகை நிமிர்த்திக்கிட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கிட்டே இருப்பாங்க. மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும். தினமும் வந்து பழகின பிள்ளைதான் இப்படிச் சொந்த வீடு மாதிரி நினைச்சுத் தூங்கும். ராத்திரியெல்லாம் படிச்சிருக்கும் போல. எழுப்பாதீங்க, பாவம்."

நின்ற இடத்திலேயே முழு மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். அவர் கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் ரஞ்சனிக்கு மூச்சே வந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சரிந்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மோகன் மேஜை மேஜையாகப் போய் முதுகைத் தட்டினான்.

"எழுந்திருங்கப்பா, ரூமுக்குப் போய் நல்லா தூங்குங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டுக் கம்பெனி பஸ்ல இருந்து இறங்கினவங்களை அப்படியே இட்டுகினு வந்தது என் தப்புதான்."